நான்கு பேருக்கு ஓர் அடுப்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? போன கடிதத்தில் முட்டிவலிக்கு ஒரு வரி, உன் பம்ப் கம்பெனி ஸ்டோர் ரூமுக்கு வந்த புது அலமாரிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். அலமாரி நீடூழி வாழட்டும். முட்டிக்குத் தைலம் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். மே பன்னிரண்டாம் தேதியிலிருந்து நான்கு நாள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருக்கிறது. கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற எனக்கும் கிடைத்திருக்கிறது. இனி இப்படி அமையாது. யோசனை உன் மருமகள் வாலுவுடையது. ‘மாமா வரணும். அவர் வரலன்னா நானும் வரல’ என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

அவளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. நீ கடைசியாகப் பார்த்தபோது ஐந்து வயது. நீ ரிப்பேர் செய்து கொடுத்த பம்ப் ஸ்டவ் தீப்பிடித்து அவள் இடது கை வெந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் உன்னைப் பார்த்துக் கத்தினார். அன்று போனவன் போனவன்தான். கடையைப் பூட்டினாய், ஊரை மாற்றினாய், போன் வேண்டாம், எழுது என்றாய். பதினொரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவை நீ நேரில் வர வேண்டும். வராவிட்டால் இனி எப்போதும் வர மாட்டாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அங்கே விறகு எரிக்க அனுமதி இல்லை. அவரவர் ஸ்டவ்வை அவரவர் கொண்டுபோக வேண்டும். அதை நீதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கடையில் மூன்று பார்த்தேன். ஒன்று, சின்ன கேஸ் டின் தலையில் திருகுகிற பர்னர். இரண்டாவது, ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிற பித்தளைக் கிண்ணம். மூன்றாவது, டின்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பூட்டுகிற பெட்டி அடுப்பு. எதை வாங்கட்டும்? நான்கு பேர் பெயரையும் அங்கே பதிந்துவிட்டேன்.

உன் தங்கை


பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி அப்படியே இருக்கிறது. நீங்கள் எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டின் தலையில் திருகுகிற பர்னர் வேண்டாம். கழுத்து நீண்டது, கால் கிடையாது. நான்கு பேருக்குச் சோறு வடிக்கிற பாத்திரத்தை அதன் மேல் வைத்தால் குடிகாரன் மாதிரி ஆடும். காற்று அடிக்கிறதே என்று சுற்றித் தகரம் வைத்து மறைப்பாய், நீ மறைப்பாய் என்று எனக்குத் தெரியும், டின் சூடேறி என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

ஸ்பிரிட் கிண்ணமும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றுகிறவர்கள் உண்டு. என் கடைக்கு அப்படி ஒருவர் புருவம் இல்லாமல் வந்தார்.

பெட்டி அடுப்பு மூன்றிலும் மோசம். அகலமான சட்டியை வைத்தால் அது டின்னின் மேலேயும் கவிந்துகொள்ளும். சட்டியின் சூடு நேரே டின்னுக்குப் போகும்.

நான்கு நாள்தானே. ரொட்டி, பழம், அவித்த முட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நான்கு நாள் சுடுசோறு இல்லாமல் யாரும் சாகவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். உனக்கு முட்டி அப்படியே, எனக்கு உன் கடிதத்தைப் படித்துத் தலைவலி.

நான் கேட்டது எது நல்லது என்று. நீ சொன்னது எது எப்படிக் கொல்லும் என்று. மே மாதம் அவித்த முட்டையை நான்கு நாள் வைத்திருந்தால் அதுவும் கொல்லும். அதை எழுத மறந்துவிட்டாய்.

டியூட்டி முடிந்து நேற்று மறுபடி கடைக்குப் போனேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைக்காரர் பொறுமைசாலிதான், அவருக்கே தாங்கவில்லை. ‘அக்கா, நீங்க ஏரிக்குப் போறீங்களா, ராக்கெட் விடப் போறீங்களா?’ என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அவர் இன்னும் இரண்டு காட்டினார். மாத்திரை மாதிரி வெள்ளைக் கட்டியை எரிக்கிற மடக்கு அடுப்பு ஒன்று. மூன்று கால் வைத்த பர்னர் ஒன்று, அதற்கு ஒரு முழத்துக்குக் குழாய், டின் தள்ளி நிற்கும். பாத்திரத்திலும் குழப்பம். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அலுமினியச் செட் லேசாக இருக்கிறது. ஸ்டீல் கனக்கிறது. இவர் ஸ்டீல்தான் என்கிறார், தூக்கப் போவது அவர் இல்லை என்பதால்.

நீ வருகிறாயா இல்லையா என்று நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

உன் தலைவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கம்பெனியில் கணக்கெடுப்பு, அதனால் தாமதம்.

வெள்ளைக் கட்டி அடுப்பில் ஒரு டம்ளர் தேநீர் போடலாம். சோறு வடிக்க ஆரம்பித்தால் மே பன்னிரண்டில் வைத்த உலை பதினான்கில் கொதிக்கும். குழாய் வைத்த மூன்று கால் அடுப்பு பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் குழாய்க்கு இரண்டு முனை, இரண்டு முனையிலும் வாஷர். அதை எவன் போட்டான், எப்படிப் போட்டான்? வேண்டாம்.

உனக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும், ஒன்று சொல்கிறேன். கடை நடத்திய இருபத்திரண்டு வருஷமும் சொந்தக்காரர் கண் எதிரே அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்க்காமல் ஒரு ஸ்டவ்வையும் நான் கொடுத்ததில்லை. உன்னுடையதும் அப்படித்தான். நீ கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பம்ப் பார்த்தேன், நிப்பிள் பார்த்தேன், மண்ணெண்ணெய் ஊற்றுகிற மூடிக்குப் புது ஈய வாஷர் போட்டு இறுக்கினேன். ஒரு பொட்டு கசியவில்லை. அன்று சாயங்காலமே குழந்தை மேல் தீ.

எங்கே கோட்டைவிட்டேன் என்று பதினொரு வருஷமாக அந்த ஸ்டவ்வை மனதுக்குள் பிரித்துப் பிரித்து மாட்டுகிறேன். மூடி கிடைத்தால் பார்க்கலாம் என்று அடுத்த நாளே உன்னிடம் கேட்டேன். கிடைக்கவில்லை என்றாய். என் தப்பு எது என்று தெரிந்தால் அதை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை நம்புவேன். தெரியவில்லை. அதனால் எந்த அடுப்பையும் பார்த்து ‘இது சரி, வாங்கு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டோர் ரூமில் வாஷர்களை எண்ணி அட்டைப் பெட்டியில் போடுவதற்கு மட்டும்தான் நான் லாயக்கு.

பாத்திரம் அலுமினியமே போதும்.

அண்ணன்


மார்ச் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நான் வாலு. உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது, தப்பு இருந்தால் அம்மாவைத் திட்டவும்.

அம்மா உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, பதில் எழுதாமல் வீட்டில் எல்லார் மேலேயும் எரிந்து விழுகிறார். குக்கர் மூடியை ஏன் இப்படி வைத்தாய் என்று அரை மணி நேரம் கத்தினார். சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் கையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதாகக் கேள்வி. முழங்கை வரைக்கும் தோல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கையால்தான் ஷாட்புட் எறிந்து பள்ளிக்கூடத்தில் இரண்டாம் இடம் வாங்கினேன். முதல் இடம் வாங்கினவளுக்கு இரண்டு கையும் நல்ல கை, ஆனால் ஒரு மீட்டர்தான் வித்தியாசம்.

அப்பாவுக்கும் சம்மதம்தான். ‘வரட்டும், எனக்கென்ன. அடுப்பை மட்டும் தொடக் கூடாது, சொல்லிவை’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பைத் தேர்ந்தெடுக்கிறவர் நீங்கள், தொடக் கூடாதவரும் நீங்கள். இதை உங்களிடம் சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் அப்பா சிரித்துக்கொண்டே சொன்ன மாதிரிதான் இருந்தது, அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கட்டாயம் வாருங்கள். உங்கள் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

உங்கள் வாலு


மார்ச் 23

தங்கைக்கு,

நலம்.

மாப்பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பக்கம் வரவே விட்டிருக்க மாட்டேன்.

நான் வரவில்லை. என் பெயரை அடித்துவிடு. அடுப்பு விஷயமாக இனி எனக்கு எழுத வேண்டாம், யாரைக் கேட்டாவது எதையாவது வாங்கிக்கொள். குழந்தையைத் திட்டாதே. அவள் கையெழுத்து அழகாக இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணனுக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை.

வாலுவைத் திட்டவில்லை. இவரைத்தான் திட்டினேன். ‘நான் என்ன பொய்யா சொல்லிட்டேன்?’ என்று கேட்டார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன். எப்போதும் நான் செய்வது அதுதான்.

உன் கடிதம் வந்த வேகத்தில் கடைக்குப் போய், நீ வேண்டவே வேண்டாம் என்ற அந்த டின் தலைப் பர்னரையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருகினால் பர்னர் டின்னில் உட்காரவே இல்லை. திருகு மரை வேறாம். திரும்பப் போனேன். பர்னரை மாற்ற மாட்டாராம், டின்னை மட்டும் மாற்றுவாராம், அந்த வகை டின் தீர்ந்துவிட்டதாம், பத்து நாள் ஆகுமாம். கடை வாசலில் நின்று அழுதேன் அண்ணா. நாற்பத்து நான்கு வயதில், ஒரு உள்ளங்கை அகல பர்னரைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தக் கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

உன் பெயரை அடிக்கவில்லை. அடிக்க மாட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நேரில் சொல்லத்தான் ஏரி, கூடாரம், அடுப்பு என்று வாலுவோடு சேர்ந்து நானும் ஆடினேன். நீ வந்தாக வேண்டும்.

உன் தங்கை


ஏப்ரல் 11

தங்கைக்கு,

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்தப் பர்னரைத் திருப்பிக் கொடுத்துவிடு.

சொல்ல வேண்டியது எதுவானாலும் எழுது. நேரில் சொன்னால் மட்டும் அது மாறிவிடாது.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

பதின்மூன்று நாள் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் உனக்கு எழுதும் முன் வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. போன வாரம் இருவரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது உனக்கு.

உன் ஸ்டவ்வில் தப்பு இல்லை. நீ எதையும் கோட்டைவிடவில்லை. அன்று சாயங்காலம் எண்ணெய் தீர்ந்ததென்று மூடியைத் திறந்தேன். நீ போட்ட ஈய வாஷர் கழன்று விழுந்து, உருண்டு, கழுவுகிற தொட்டி ஓட்டைக்குள் போய்விட்டது. உன் கடை இரண்டு தெரு தள்ளித்தான். போயிருக்கலாம். போகவில்லை. குழாய் ஒழுகினால் நீ பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். ஸ்டவ் ரிப்பேர்க்காரன் தங்கச்சிக்கு இதுகூடத் தெரியாதா என்ற திமிர். டியூபை வெட்டிப் போட்டு, இறுக்கி, பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறிக் கூழாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயும் எண்ணெய் டாங்கும் ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து நிமிஷத்தில் மூடி ஓரமாக எண்ணெய் பீய்ச்சி அடித்துத் தீப்பிடித்தது. வாலு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மூடி கிடைக்காமல் இல்லை. கிடைத்தது. அதில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ கேட்பதற்கு முன்பே குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

வராந்தாவில் இவர் கத்தியபோது சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ ‘என் தப்புதான் மாப்ள’ என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ ஏன் அப்படிச் சொன்னாய், நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனே என்று உன் மேலேயே பழியைப் போட்டு இத்தனை வருஷம் ஓட்டினேன். நீ கடையைப் பூட்டியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். நாள் ஆக ஆக, சொன்னால் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம்தான் பெரிதாயிற்று.

இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், ‘நான் அவரு சட்டையப் புடிச்சேனேடீ’ என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். வாலு தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘மாமாவுக்குத் தெரியுமா?’ என்று கேட்டாள். இல்லை என்றேன். ‘மொதல்ல அவருக்கு எழுதும்மா’ என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் கேட்கிறேன்.

தங்கை


மே 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று மட்டுமாவது ஒரு வரி போடு. கம்பெனிக்குப் போன் செய்தேன், நீ வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறோம். இவர் நேற்று என்னிடம் வந்து, ‘உங்கண்ணன் பேர் இருக்குல்ல?’ என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுப்பு இன்னும் வாங்கவில்லை. கடைக்குள் நுழையவே கால் வரவில்லை. ரொட்டியும் பழமும் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தங்கை


மே 8

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அப்பாவையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அம்மாவின் கடிதம் கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மூன்று தடவை அவளுக்குப் பதில் எழுதினேன், மூன்றையும் கிழித்துப் போட்டேன். அதில் இருந்த வார்த்தைகளை நீ படிக்கக் கூடாது, அவளும் படிக்கக் கூடாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் எதிரே உட்கார்ந்திருக்க, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து மேனேஜர் அரை நாள் லீவு கொடுத்தார். எனக்குக் கோபம். உனக்குச் சொல்கிறேன், இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. என் கடை போயிற்று. நீ வளர்ந்தது ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இதெல்லாம் ஒரு பொட்டு ரப்பருக்காக. அதோடு, நான் போட்ட வாஷர் சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் மூச்சு நன்றாக வருகிறது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்த அரை நாள் லீவில் கடைக்குப் போய் அடுப்பு வாங்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று கால், ஒரு முழக் குழாய், டின் தள்ளி நிற்கும். உன் அம்மா பிப்ரவரியிலேயே எழுதிய அதே சாதிதான். குழாயின் இரண்டு முனையையும் நானே பிரித்துப் பார்த்து மாட்டினேன். தினமும் கம்பெனி முற்றத்தில் அரை மணி நேரம் எரிய விடுகிறேன். நேற்று மேனேஜரே அதில் தேநீர் போட்டுக் குடித்தார். ஐந்து லிட்டர் பிடிக்கிற சோற்றுப் பாத்திரமும் ஒரு தட்டை வாணலியும் வாங்கியிருக்கிறேன், அலுமினியம்தான். நீங்கள் தட்டும் டம்ளரும் கொண்டு வந்தால் போதும்.

பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணி பஸ்ஸில் ஏரிக்கரையில் வந்து இறங்குவேன். என் முகம் ஞாபகம் இல்லை என்றாயே, கையில் அடுப்போடு நொண்டிக்கொண்டு இறங்குகிறவன் நான்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவோடு நான் பேச மாட்டேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நீ நடுவில் புகுந்து சமாதானம் பேசவும் கூடாது. அவள் அழுதால் அழட்டும், விட்டுவிடு. சமைப்பது நான். பசிக்கவில்லை, பிறகு சாப்பிடுகிறேன் என்று அவள் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளப் பார்ப்பாள், எனக்குத் தெரியும். அது நடக்காது. எல்லாரோடும் வந்து உட்கார வேண்டும். அவள் தட்டில் நானே போடுவேன். அவள் சாப்பிட வேண்டும்.

உன் மாமா